"செக் பண்ணியாச்சா?" - ஓர் ஆங்கில வினைச்சொல்லின் கதை



நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க, வீட்டிலும் வெளியிலும், 'செக்' என்ற ஆங்கிலச் சொல் எங்கெங்கே காதில் விழுகிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்த நோட்டுகளைப் பார்த்து நானே மலைத்துப் போனேன்.

"சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, செக் பண்ணு." "தாத்தாவுக்கு சுகர் செக் பண்ண வேண்டும்." "பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று செக் பண்ணிச் சொல்." "கணக்கு நோட்டைச் செக் பண்ணியாச்சா?" "செக் போஸ்ட்டில் ஒரே கூட்டம்." "பாங்கில் செக் போட்டாயிற்று." "அந்த நீலச் செக் சட்டையை எடு." "மழையில் செக் டேம் நிரம்பிவிட்டது." "மோட்டாரில் செக் வால்வ் போய்விட்டது." போதாததற்கு ஒரு பையன், அண்ணனோடு சதுரங்கம் ஆடும்போது தான் பத்துத் தடவை 'செக்' வைத்ததையும் பெருமையோடு எழுதியிருந்தான்.

"சார், இத்தனையும் ஒரே சொல்லா, வேறு வேறு சொல்லா?" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். "தமிழில் இதற்கு என்ன சார்?" என்று அவள் தம்பி கேட்டான். முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன்: எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டாவது கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தமிழில் சொல் இல்லாததால் அல்ல, நிறைய இருப்பதால்தான் முடியவில்லை. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

நான் மொழி ஆராய்ச்சி செய்தவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, தண்டவாளத்தோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த ஒரு சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம்.

1. சொல் பிறந்த இடம்

சதுரங்கப் பையன் பெருமைப்பட்டதில் தவறில்லை. 'செக்' என்ற சொல்லின் மற்ற எல்லாப் பொருள்களுக்கும் தாய்வீடு சதுரங்கப் பலகைதான்.

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிய ஆட்டம் என்பதை அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். சதுர் என்றால் நான்கு. அங்கம் என்றால் உறுப்பு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையையும் பலகையில் நிறுத்தி ஆடும் ஆட்டம் இது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இது பாரசீகத்துக்குப் போய்ச் 'சத்ரங்' ஆயிற்று. அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் போய் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று.

பாரசீக மொழியில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். ஈரானின் கடைசி மன்னரை 'ஷா' என்றே பத்திரிகைகள் எழுதியது நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிராளியின் அரசனைத் தாக்கும்படி ஒரு காயை நகர்த்தினால் "ஷா!" என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். "உன் அரசனைப் பார்த்துக்கொள்" என்பது அதன் பொருள்.

அரபு நாடுகளிலிருந்து ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்த எச்சரிக்கைச் சொல்லும் கூடவே போயிற்று. லத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்றும் பழைய பிரெஞ்சு மொழியில் 'எஷெக்' என்றும் மாறியது. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக ஆங்கிலத்தில் புகுந்தன. 'எஷெக்' என்பதும் அவ்வாறே புகுந்து, முன்னெழுத்தை இழந்து, 'செக்' ஆயிற்று. பிரெஞ்சில் இதன் பன்மையான 'எஷெஸ்' என்பதிலிருந்துதான் 'செஸ்' என்ற ஆட்டத்தின் பெயரும் வந்தது. ஆகவே செஸ் என்றால் 'அரசர்கள்' என்றே பொருள் கொள்ளலாம்.

'செக்மேட்' என்பது 'ஷா மாத்' என்பதன் திரிபு. 'அரசன் இறந்தான்' என்று சிலரும், 'அரசன் செய்வதறியாது நின்றான்' என்று சிலரும் பொருள் கூறுவர். ஆட்டத்தில் அரசனை வெட்டுவதே இல்லையாதலால் இரண்டாவது பொருள்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம் பக்கத்து ஆட்டக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மலையாளத்தில் பழைய முறையில் ஆடுபவர்கள் 'செக்' என்று சொல்வதில்லை. 'அரசு' என்றுதான் சொல்வார்கள். பாரசீகத்தில் 'ஷா', இங்கே 'அரசு'. இரண்டும் ஒரே சொல்லின் வழி வந்தவை அல்ல. ஆனால் இரண்டும் ஒரே எண்ணம். ஆயிரம் மைல் சுற்றி ஆங்கிலம் வழியாக நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த 'செக்'கும், திண்ணையில் உட்கார்ந்து பெரியவர் சொல்லும் 'அரசு'ம் ஒரே எச்சரிக்கைதான்.

2. கட்டத்திலிருந்து காசோலைக்கு

சதுரங்கப் பலகை கட்டம் கட்டமாக இருப்பதால், பிரெஞ்சில் பலகைக்கு 'எஷெக்கியே' என்று பெயர் ஏற்பட்டது. அதிலிருந்து கட்டம் போட்ட எதற்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. நீலச் செக் சட்டையின் கதை இதுதான். நாம் 'கட்டம் போட்ட சட்டை' என்கிறோம். அதுவே சரியான மொழிபெயர்ப்பு; மொழிபெயர்ப்பு என்று தெரியாமலேயே செய்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டில் அரசாங்க வரவு செலவைக் கணக்கிட ஒரு பெரிய மேசை இருந்தது. நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. அதன்மேல் கோடுகள் போட்ட துணியை விரித்து, கட்டங்களில் வில்லைகளை வைத்து, பவுன் இத்தனை, ஷில்லிங் இத்தனை, பென்னி இத்தனை என்று கணக்குப் பார்த்தார்கள். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போலவே இருந்ததால் அந்தக் கருவூலத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்துவிட்டது. இன்றும் பிரிட்டனின் நிதி அமைச்சருக்கு 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்பதுதான் பதவிப் பெயர்.

பாங்குச் செக் சற்று வேறு வழியாக வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பணம் கொடுக்கும் உத்தரவுச் சீட்டோடு ஓர் அடிச்சீட்டும் வைத்திருந்தார்கள். யாராவது தொகையைத் திருத்தினாலோ போலி செய்தாலோ, அடிச்சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மோசடியைத் 'தடுக்கும்' அந்த அடிச்சீட்டுக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர். பிறகு சீட்டுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கருவூலத்தின் பெயரைப் பார்த்து இங்கிலாந்தில் எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் இன்றும் பழையபடியே எழுதுகிறார்கள். தமிழில் 'காசோலை' என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டோம்.

3. தடுப்பது எப்படிப் பார்ப்பது ஆயிற்று?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சட்டையும் காசோலையும் பெயர்ச்சொற்கள். நம்மைக் குழப்புவது வினைச்சொல்தான்.

அரசனுக்கு 'செக்' வைத்தவுடன் என்ன நடக்கிறது? எதிராளி தான் நினைத்திருந்த ஆட்டத்தை ஆட முடியாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரசனைக் கவனித்தாக வேண்டும். ஆகவே 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தச் சொல்லுக்கு 'தடு', 'சட்டென்று நிறுத்து' என்ற பொருள் வந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் 'கட்டுக்குள் வை', 'அடக்கு' என்ற பொருள் வந்தது. அதே நூற்றாண்டின் கடைசியில்தான் 'ஒரு பதிவோடு ஒத்துப் பார்', 'சரிபார்' என்ற பொருள் வழக்குக்கு வந்தது. தவறைத் தடுப்பதற்காகத்தானே ஒத்துப் பார்க்கிறோம்? அந்த வழியாகத்தான் 'தடு' என்பது 'பார்' ஆயிற்று.

இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் பொருள், இந்தச் சொல்லின் கடைசிப் பிள்ளை என்பதைக் கவனியுங்கள். ஆனால் மூத்த பிள்ளைகள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

ரயில்வேயில் இருவரையும் அருகருகே பார்க்கலாம். வண்டிக்குள் வந்து சீட்டைக் கேட்பவர் டிக்கெட் செக்கர். இங்கே 'செக்' என்றால் சரிபார்ப்பது. அதே வண்டிக்குக் கீழே, லெவல் கிராசிங்கிலும் கூர்மையான வளைவிலும், ஓடும் தண்டவாளத்தை ஒட்டி உட்பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் 'செக் ரயில்'. அது எதையும் சரிபார்ப்பதில்லை. அது தடுப்பது.

வளைவில் வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். வெளிச்சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறப் பார்க்கும். அப்போது உள்ளே இருக்கும் செக் ரயில் உள்சக்கரத்து விளிம்பின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஆகவே ஒன்றைப் பிடித்தால் மற்றதும் நிற்கும். லெவல் கிராசிங்கில் இதன் வேலை வேறு. சாலையின் கல்லும் தாரும் தண்டவாளத்தை நெருங்கிவிடாமல், சக்கர விளிம்பு போவதற்கு ஒரு பள்ளத்தை ஒழித்து வைப்பது. அகலப்பாதையில் அந்த இடைவெளி 51 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 57-க்கு மேல் போகவும் கூடாது. ஆழம் குறைந்தது 38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

4. நம் எல்லையில் இந்தச் சொல்

இடுக்கி மாவட்ட வாசகர்கள் என்மேல் வருத்தப்படக்கூடாது. அங்கே இன்று ரயில் கிடையாது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சிறிய ரயிலும் 1924 வெள்ளத்தில் அழிந்துபோயிற்று. ஆனால் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லாத ஒரு 'செக்' உண்டு: செக்ரோல். யார் வேலைக்கு வந்தார், என்ன வேலை செய்தார் என்று எழுதும் பதிவேடு அது. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. அங்கே 'செக்' என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பெரியும் விஷயம். பதிவோடு ஒத்துப் பார்ப்பது என்ற பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது செக் போஸ்ட். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று நம் பக்கம். சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று அவர்கள் பக்கம். 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபின் வாளையாறு எல்லையாயிற்று. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிக வரிச் சாவடிகள் மூடப்பட்டன. ஆனாலும் 'செக் போஸ்ட் பஸ் ஸ்டாப்' என்ற பெயர் நம் வாயிலிருந்து போகவில்லை.

இந்தச் சொல்லில் மட்டும் இரண்டு பொருளும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன: நிறுத்துவது, பார்ப்பது. தமிழில் 'சோதனைச் சாவடி' என்கிறோம். பார்ப்பது மட்டும்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. ஆனால் 2020 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கில், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் வாளையாற்றில் வெயிலில் காத்து நின்றார்களே, அவர்களைக் கேட்டால் அதன் பழைய பொருளைச் சொல்வார்கள். அரசனுக்கு வைத்த 'செக்' அன்று அவர்களுக்கு வைக்கப்பட்டது. நினைத்த இடத்துக்கு நகர முடியவில்லை.

செக் டேம் என்பதைத் தமிழில் 'தடுப்பணை' என்றும், மலையாளத்தில் 'தடயண' என்றும் சொல்கிறோம். இரண்டு மொழியும் பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டன. ஓடும் தண்ணீரைத் தடுத்து, அதன் வேகத்தை அடக்கி, மண்ணில் இறங்க வைப்பது. மோட்டாரில் இருக்கும் செக் வால்வும் அப்படித்தான். ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது.

5. செக்கும் செக்கனும்

ஒரு சிறு எச்சரிக்கை. நம் சங்க அன்பர் ஒருவர், "செக் என்பது நம் எண்ணெய்ச் செக்கிலிருந்து போன சொல்தானே?" என்று ஆவலோடு கேட்டார். தமிழ்ப்பற்று நல்லது. ஆனால் ஓசை ஒன்றாக இருப்பதாலேயே உறவு கொண்டாடக்கூடாது. எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இந்தச் செக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லின் பழைய வடிவம் என்ன, அது எந்த மொழிகள் வழியாக வந்தது, ஒவ்வொரு நூற்றாண்டிலும் என்ன பொருளில் எழுதப்பட்டது என்று படிப்படியாகக் காட்ட முடிந்தால்தான் அது வரலாறு. இந்தச் சொல்லில் ஆட்டம் நம் நாட்டினுடையது, சொல் பாரசீகத்தினுடையது. உள்ளதைச் சொன்னாலே நமக்குப் பெருமை போதும்.

ஓசையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாசஞ்சர் வண்டியில் வழங்கிய ஒரு கதை உண்டு. கல்யாணக் கூட்டம் ஒன்று ஏறியிருந்தது. யாரோ மலையாளத்தில் "செக்கன் வந்நு!" என்று உரக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளைப் பையன் வந்துவிட்டான் என்பது அதன் பொருள். டிக்கெட் எடுக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் அன்பர் "செக்கர் வந்துவிட்டார்" என்று கேட்டு, அடுத்த பக்கம் இறங்கி ஓடினாராம்.

6. என் பழைய கணக்கு

இது சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன்.

1980-களின் பிற்பகுதி. நான் உத்தியோகத்தில் சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. என் பகுதியில் ஒரு லெவல் கிராசிங்கில் முந்தின நாள் சாலை வேலை நடந்து, ஜல்லியும் தாரும் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஸ்டேஷனில் கேங் மேஸ்திரியைப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், வேலையில் கெட்டிக்காரர்.

"மேஸ்திரி, கேட் செக் பண்ணியாச்சா?" என்று கேட்டேன்.

"பண்ணியாச்சு சார்" என்றார்.

நான் கேட்டது செக் ரயிலின் பள்ளம் சுத்தமாக இருக்கிறதா, இடைவெளி அளந்தாயிற்றா என்பது. அவர் சொன்னது, கேட்டை இறக்கி ஏற்றிப் பார்த்தாயிற்று, பூட்டும் விளக்கும் சரியாக இருக்கின்றன என்பது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேலையில் ஏமாற்றவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சொல் இருந்தது. அது இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டது.

வேறு வேலையாக டிராலியில் அந்த வழியே போகும்போதுதான் பார்த்தேன். பள்ளம் முழுவதும் ஜல்லியும் தாரும் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. சக்கர விளிம்பு இறங்க வேண்டிய இடத்தில் விரல்கூட நுழையாது. அதன்மேல் வண்டி வேகமாக வந்தால் விளிம்பு ஜல்லியின்மேல் ஏறிவிடும். ஏறினால் தடம் புரளும். அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. சிவப்புக் கொடி காட்டி இரு பக்கமும் பாதுகாப்புச் செய்துவிட்டு, கடப்பாறையும் உளியுமாக நாங்கள் நால்வர் அந்தப் பள்ளத்தைத் தோண்டினோம். வண்டி தாமதமாகத்தான் போயிற்று. ஆனால் போயிற்று.

மாலையில் மேஸ்திரி என்னிடம் வந்தார். "நீங்க பள்ளம் சுத்தமான்னு கேட்டிருந்தா, இல்லைன்னு சொல்லியிருப்பேனே சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தவறு கேள்வி கேட்டவனுடையது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை வேலையிடத்தில் "செக் பண்ணியாச்சா?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. "அளந்தீர்களா? எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பேன். அளந்தவர் எண்ணைச் சொல்வார். அளக்காதவர் போய் அளப்பார்.

ரயில்வேயின் பழைய விதிகளைச் செய்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. வண்டி வருவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்மேனுக்குப் போன் செய்து கேட்டை மூடச் சொல்வார். "மூடியாச்சு" என்ற வாய்ப்பேச்சு மட்டும் போதாது. இருவரும் தத்தம் அச்சிட்ட தாளிலிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' சொல்லி, மற்றவர் அதை நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். வாய் தவறலாம், காது தவறலாம். எழுதிய எண் அவ்வளவு எளிதில் தவறாது.

7. தமிழில் என்ன சொல்லலாம்?

ஆங்கிலச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸையும் டிக்கெட்டையும் நாளைக் காலையே மாற்றிவிட முடியாது. என் கவலை வேறு. 'செக் பண்ணு' என்ற ஒன்றைச் சொல்லிச் சொல்லி, நம் வீட்டில் இருந்த பத்துச் சொற்களை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். அவை போனால், எதைச் செய்யச் சொன்னோம் என்ற தெளிவும் போய்விடும். என்ன செய்தோம் என்பதற்கேற்பச் சொல்ல வேண்டும்:

எண்ணால் தெரிய வேண்டுமானால்: அளந்து பார், எண்ணிப் பார், நிறுத்துப் பார்.
பதிவோடு சேர்த்துப் பார்க்க: ஒத்துப் பார்.
பிழை இருக்கிறதா என்று பார்க்க: சரிபார்.
பையிலோ வண்டியிலோ தேட: சோதனையிடு.
பிறரிடம் கேட்டு அறிய: விசாரி.
நகர்வதை நிறுத்த: தடு.
மிஞ்சாமல் வைக்க: அடக்கு, கட்டுக்குள் வை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பள்ளியில் அவர்கள் படிக்கும் மலையாளத்தில் 'ஒத்துநோக்குக', 'தடயுக', 'பரிசோதிக்குக' என்று இதே சொற்களின் உடன்பிறப்புகள் இருக்கின்றன. இரண்டு மொழியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் நிலைக்கும்.

8. பயிற்சி

கீழே உள்ள வாக்கியங்களில் 'செக்' என்பதை எடுத்துவிட்டுப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை எழுதுக. பெரியவர்களும் முயன்று பார்க்கலாம்.

1. கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையைச் செக் பண்ணு.
2. அசலோடு நகலைச் செக் பண்ணியாச்சு.
3. டாக்டர் எப்போது வருவார் என்று செக் பண்ணிச் சொல்.
4. வாளையாற்றில் எல்லா லாரியையும் செக் பண்ணினார்கள்.
5. மண் அரிப்பைச் செக் பண்ண வெட்டிவேர் நட்டார்கள்.
6. கோபத்தைச் செக்கில் வைத்துக்கொள்.
7. பெயர்ப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று செக் பண்ணு.
8. குழந்தைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று செக் பண்ணு.
9. பால் கெட்டுவிட்டதா என்று செக் பண்ணு.
10. நான் எழுதிய கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று செக் பண்ணுங்கள்.

விடைகள்: 1. எண்ணிப் பார். 2. ஒத்துப் பார்த்தாயிற்று. 3. விசாரித்து. 4. சோதனையிட்டார்கள். 5. தடுக்க. 6. அடக்கிக்கொள். 7. தேடிப் பார். 8. அளந்து பார். 9. முகர்ந்து பார், காய்ச்சியும் பார்க்கலாம். 10. சரிபாருங்கள்.

பத்து வாக்கியத்துக்கும் ஒரே ஆங்கிலச் சொல். தமிழில் அநேகமாகப் பத்தும் வெவ்வேறு. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். நாம் சொல்வதைவிட அது நன்றாக மனத்தில் தங்கும்.

சதுரங்கத்தில் 'செக்' என்பது ஆட்டத்தின் முடிவல்ல. அரசனை நகர்த்தலாம், நடுவில் ஒரு காயை வைத்து மறைக்கலாம், தாக்க வந்த காயை வெட்டலாம். மூன்றில் ஒன்றாவது செய்ய முடிந்தால் ஆட்டம் தொடரும். அன்று அந்த லெவல் கிராசிங்கில் எனக்கும் மேஸ்திரிக்கும் கிடைத்தது அப்படி ஒரு எச்சரிக்கைதான்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது "செக் பண்ணியாச்சு" என்று சொன்னால், கோபப்படாமல், "என்ன செய்தாய்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேஸ் சிலிண்டரானாலும், தாத்தாவின் மாத்திரையானாலும், பிள்ளையின் ஹால் டிக்கெட்டானாலும், வரும் பதிலில் இருக்கும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். விடை தெளிவாக வந்தால் நிம்மதி. வராவிட்டால், எழுந்துபோய் நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.